எழுத்தோரம்

நவம்பரில் டொலோன் கணவாய்க்கு அப்பால்
இணையம் என்பது
ஒற்றைக் கம்பத்தின் மேல்
உட்கார்ந்திருக்கும் காற்று.
நாரின் நகர ஓய்வூதிய அலுவலகத்தில்
பதினேழு பழைய கணினிகள்.
சொந்தமாய் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.
பிஷ்கெக்கில் என் மேசைக்குக் கீழே உறுமும் சர்வரை
ஜன்னலில் எட்டிப் பார்த்தபடி
நாளை ஓட்டுபவை.

"மெதுவாக இருக்கிறது" என்று
வாரத்துக்கு ஒன்பது தடவை அழைப்பார்
மேலாளர் ஜூமாபெக்.
ஒரு சொடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில்
ஊற்றிவைத்த தேநீர் ஆறிவிடுகிறதாம்.

வெள்ளி இரவு தனியே உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
பின்னணிப் படம், போ.
(சோங்-கோல் ஏரி. யாரோ ஆசையாய் வைத்தது.)
ஜன்னல்கள் வழுக்கித் திறக்கும் ஒய்யாரம், போ.
சுட்டியின் நிழல், போ.
முப்பத்திரண்டு பிட் நிறம்
பதினாறாகச் சுருங்கு.
ஒலியா? அலுவலக நேரத்தில்
யாருக்கு வேண்டும் பாட்டு?
கடைசியில்
'எழுத்துகளின் ஓரத்தை மழமழப்பாக்கு'
என்றொரு சின்னக் கட்டம்.
டிக்கை எடுத்தேன்.
மூழ்கும் படகிலிருந்து மூட்டை எறிகிறவன்
முடிச்சை அவிழ்த்தா பார்க்கிறான்?

திங்கள் பறந்தது.
வரைபடத்தில் பச்சைக் கோடு
தரையோடு தரையாய்ப் படுத்திருந்தது.
நன்றி சொல்லவென்றே அழைத்த ஜூமாபெக்
அடுத்த வண்டியில்
ஒரு பை குருத் உருண்டை அனுப்புவதாகச் சொன்னார்.

புதன்கிழமை ஒரு மடல்.
கணக்குப் பிரிவு, புருல்கான்.
புகார் இல்லை, கேள்விதான்:
"உங்கள் சர்வரில்
3க்கும் 8க்கும் வித்தியாசம் உண்டா?"

சிரித்தேன்.
பிறகு அழைத்தேன்.

வலக்கண்ணில் முழுக்கப் பனி,
இடக்கண்ணில் சாவித் துவாரம் அளவு பகல்.
திரையை நான்கு மடங்கு பெருக்கி
மூக்கு தொடும் தூரத்தில் வைத்துத்தான்
பதினோரு வருடமாய்
ஒரு சோம் பிசகாமல் எழுதிவருகிறார்.
நான் சீவிவிட்ட எழுத்துகள்
நான்கு மடங்கில் ரம்பப் பற்களாய் நின்றன.
மூன்றின் திறந்த வாய் அடைத்துப்போய் எட்டு.
எட்டே சில இடங்களில் பூஜ்யம்.
சந்தேகம் வந்தால் காதில் வாசித்துச் சொல்ல
ஒரு குரல் வைத்திருந்தாராம்.
அதைத்தான் பாட்டென்று நினைத்து
நான் அடைத்திருக்கிறேன்.

6300 போகவேண்டிய ஒருவருக்கு
6800 போயிருக்கிறது.
மனிதர் பனியில் நாற்பது கிலோமீட்டர் வந்து
ஐந்நூறைத் திருப்பித் தந்தார்.
"அடுத்தவர் தரமாட்டார்" என்றார் புருல்கான்
குரலை உயர்த்தாமல்.

மறுபடி கணக்கு.
பதினேழு பேருக்கும் ஓரத்தைத் திருப்பித் தந்து பார்த்தேன்.
கம்பத்துக் காற்று மூச்சுத் திணறியது.
ஆகவே தனியாய் ஒரு குழு.
எழுத்தோரம் உண்டு, ஒலி உண்டு.
"நிறம்?" என்று கேட்டேன்.
"எனக்கெதற்கு? எட்டே போதும்,
மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."
சந்தையில் ஆடு பேசுகிறவர் போலப் பேரம் பேசினார்.
ஏரியைக் கேட்கவேயில்லை.

குழுவுக்குப் பெயர் கேட்டது சர்வர்.
'குறைபாடு' என்று தட்டினேன்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்து
அழித்துவிட்டு,
'கணக்குப் பார்ப்பவர்கள்'
என்று தட்டினேன்.

மாத முடிவில் அதில் ஐந்து பேர்.
ஆறாவது ஜூமாபெக்,
கண்ணாடியை மறந்துவரும் நாட்களுக்கு மட்டுமாம்.
தினமும் மறக்கிறார்.

பச்சைக் கோடு இப்போது
தரையைவிட்டு ஒரு விரல் எழும்பி ஓடுகிறது.
நேற்று மறுபடி அழைப்பு.
"மெதுவாக இருக்கிறது."
"எவ்வளவு? தேநீர் ஆறுகிறதா?"
எதிர்முனையில் ஓர் உறிஞ்சல் கேட்டது.
"இல்லை.
குடிக்கிற சூட்டுக்கு வருகிறது."

அப்படியே விட்டிருக்கிறேன்.